விஸ்ஸனா தாண்டிப்போன இடம்

கதவைத் தாழிட்டுவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவர் விஸ்ஸனா. மூன்றாவது தரம் இழுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து நாலாவது தரமும் இழுப்பார். உள்ளேயிருந்து அவர் மனைவி குந்தம்மா, “போதும் விடுங்க, கதவு கையோட வந்துடப்போகுது,” என்பாள்.

வடபெண்ணை ஆற்றுக்குத் தெற்கே, தும்மகுண்டா என்ற எங்கள் ஊரில் அவர் கரணம். நாயகருடைய சாவடியில் நிலம், நீர், எல்லை எல்லாவற்றுக்கும் ஓலை எழுதுகிற வேலை. நான் காஞ்சிப் பக்கத்துக்காரன். நாயகருக்கு உட்பட்ட தமிழ் ஊர்கள் நாலைந்து இருந்ததால், அவற்றுக்குத் தமிழில் எழுத என்னை வரவழைத்தார்கள். பதினெட்டு ஆண்டு அவர் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து எழுதினேன். வந்த புதிதில் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பேசுவது தப்பாகிவிடுமோ, சிரிப்பது தப்பாகிவிடுமோ என்று. என்னைவிடப் பயந்தவர் ஒருவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறார் என்று தெரிந்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

அவர் கவி என்பது ஊருக்குத் தெரியும், ஆனால் அதைப் பெரிதாக யாரும் நினைக்கவில்லை. அளவுகோலோடு வயலில் நடக்கும்போதுதான் அவருக்குப் பாட்டு வரும். பாதி வயலில் நின்றுவிடுவார், உதடு மட்டும் அசையும். எத்தனை கோல் ஆயிற்று என்பது மறந்து போகும். மறுபடி முதல் வரப்புக்கு நடப்பார். ஒருமுறை ஒரு குடியானவன் வரப்பிலேயே குந்திக்கொண்டு, “அய்யா, பாட்டு முடிஞ்சுதுன்னா சொல்லுங்க, என் நெலத்தையும் முடிச்சுட்டுப் போயிடலாம்,” என்றான்.

ஐவருடைய பெரிய கதையை அரண்மனைக் கவிகள் பகுதி பகுதியாகத் தெலுங்கில் செய்துகொண்டிருந்த காலம் அது. விஸ்ஸனா கேட்டதெல்லாம் ஒரே ஒரு பகுதிதான். வனத்துப் பகுதியை அவர் நினைத்தும் பார்க்கவில்லை. அதைத் தெலுங்கில் தொட்டவர்களுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் எடுத்துக்கொண்டது, ஐவரும் அரசியும் வேறொரு ராஜாவின் வீட்டில் வேலையாட்களாக வேடம் போட்டு மறைந்து வாழும் அந்த ஓராண்டுக் கதை. பிடிபட்டுவிடுவோமோ, பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்திலேயே ஓடுகிற கதை. அது அவருக்குத் தோதாக இருந்தது. ஏழு ஆண்டு எடுத்துக்கொண்டார்.

அது முடிந்த ஆண்டில்தான் மழை இரண்டாம் முறையாகப் பொய்த்தது.

மழை வராவிட்டால் அந்த மறைவாண்டுக் கதையை வாசிப்பது எங்கள் ஊர் வழக்கம். காய்ந்த ஏரிக்கு உள்ளேயே பந்தல் போட்டு ஐந்து பகல் வாசிக்க வேண்டும். வாசிப்பவருக்கு எதிரே இன்னொருவர் வடமொழிச் சுவடியை விரித்து வைத்து ஒப்புப் பார்ப்பார். எங்காவது விட்டுப்போனால் கையைத் தூக்குவார். அன்றன்றைக்கு முடிவில் ‘குறைவில்லை’ என்று உரக்கச் சொல்வார். ஓரிடத்தைத் தாண்டிப் போனால் மேகமும் ஊரைத் தாண்டிப் போய்விடும் என்பது நம்பிக்கை. எப்போதும் வடமொழியிலேயே வாசித்துவந்தார்கள். வாசித்தவர் சோமயாஜி. கணீரென்ற குரல் அவருக்கு. இரண்டு ஆண்டும் அவர்தான் வாசித்தார், இரண்டு ஆண்டும் வானம் வெளுத்தே கிடந்தது.

மூன்றாம் ஆண்டு சாவடியில் பேச்சு எழுந்தது. குயவர் தலைவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“சாமி கோவிச்சுக்கக் கூடாது. நீங்க படிச்சது எங்க யாருக்கும் புரியல. மேகத்துக்கு மட்டும் எப்படிப் புரிஞ்சிருக்கும்?”

கூட்டம் சிரித்தது. நாயகர் மாரமர் சிரிக்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு விஸ்ஸனாவைப் பார்த்தார்.

“கரணம் தெலுங்குல பண்ணி வெச்சிருக்காருல்ல? அத வாசிக்கட்டும்.”

சோமயாஜிக்கு முகம் சிவந்தது. “தெலுங்குல கூப்பிட்டா நாய் வரும், கோழி வரும். மேகமா வரும்?”

“நீங்க கூப்பிட்டு நாயும் வரலியே சாமி,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சரி, நான் எதிர்ச் சுவடி பாக்கறேன்,” என்றார் சோமயாஜி. “ஒரு வரி, ஒரே ஒரு வரி தாண்டட்டும். கைய தூக்கறேனா இல்லையா பாருங்க.”

நாயகருக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த அவருடைய மைத்துனர் பீமராசு தொடையைத் தட்டிச் சிரித்தார். நாயகரின் மனைவிக்குத் தம்பி. ஊர்க்காவல் அவர் கையில். பெருத்த உடம்பு, பெருத்த குரல். கதை என்றால் உயிர். “கடைசியில மாட்ட ஓட்டிக்கிட்டுப் போவானுங்களே, அந்தச் சண்டைய நல்லா இழுத்து வாசி, கரணம்! எனக்கு அந்த எடம்தான் பிடிக்கும்!”

விஸ்ஸனா தலையாட்டினார். அவர் விரல்கள் பாய்க் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். அவருடைய சுவடியைப் பிரதி எடுத்தவன் நான்.

அந்தக் கதையில் அரசி வேலைக்காரி வேடத்தில் இருக்கிறாள். ராஜாவின் மைத்துனன் அவள்மேல் கை வைக்கப் பார்க்கிறான். அவள் தப்பிச் சபைக்கு ஓடிவருகிறாள். சபை நடுவிலேயே அவன் அவளை எட்டி உதைக்கிறான். ராஜா பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான். அங்கே ராஜாவோடு சூதாட உட்கார்ந்திருக்கிறவன் வேடம் போட்ட அவள் மூத்த கணவன். அவனும் எழவில்லை. அவளையே கடிந்து வெளியே அனுப்புகிறான். இந்த இடத்தை விஸ்ஸனா எழுதவில்லை. ‘அவள் சபைக்குப் போய் முறையிட்டாள், பயன் இல்லை’ என்று பாட்டுக்கு நடுவே வரும் உரைநடையில் ஒரு வாக்கியம் போட்டு அந்தப்பக்கம் போய்விட்டார். தெலுங்கில் செய்யும் கவிகள் சுருக்குவதும் விரிப்பதும் எப்போதும் உள்ளதுதான். யாரும் கேட்பதில்லை. மழை வாசிப்பில் மட்டும் கேட்பார்கள்.

அவர் ஏன் சுருக்கினார் என்பதும் எனக்குத் தெரியும்.

எரகம்மா செக்கு ஆட்டுகிறவள். கணவன் இல்லை, நாத்தனாரும் அவளுமாக ஆட்டினார்கள். கோயில் விளக்குக்கும் பாதி ஊருக்கும் அவள் எண்ணெய்தான். அவளுடைய செக்கு மாட்டைப் பீமராசுவின் ஆட்கள் வண்டிக்கு என்று பிடித்துக்கொண்டு போனார்கள், திருப்பித் தரவில்லை. ஒரு நாள் காலையில் அவள் சாவடிக்கு வந்து நின்றாள். நாயகர் அப்போது விஸ்ஸனாவோடு ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார். வேலை இல்லாத நாளில் அவருக்கு விஸ்ஸனாதான் கூட்டாளி. எரகம்மா மாட்டைக் கேட்டாள். பீமராசு வேறு ஏதோ சொன்னார். அவள் எதிர்த்துப் பேசினாள். அவர் எழுந்து வந்து எல்லோரும் பார்க்க அவள் தோளில் உதைத்தார். அவள் தூணில் போய் விழுந்தாள்.

நாயகர் வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். ஒரு வெற்றிலையை எடுத்து, நரம்பைக் கிள்ளி, மெதுவாக மடித்தார். அப்போதுதான் விஸ்ஸனா, பலகையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்:

“எழுந்து போம்மா. அழறதுக்கு வேற எடம் இல்லியா? ஆட்டம் நடக்குது, நடுவுல வந்து கெடுக்காத.”

அவள் அவரைப் பார்த்தாள். எழுந்து போனாள். நான் ஓரமாக உட்கார்ந்து ஓலை நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டேதான் இருந்தேன்.

அதன் பிறகு மூன்றாம் மாதத்தில் அவருடைய சுவடி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் தாண்டிப் போனார்.

மழை வாசிப்பு அவர் தலையில் விழுந்த அன்று, சாவடியிலிருந்து திரும்பும் வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தாண்டினா சோமயாஜி கைய தூக்குவாரு. மழ வரலேன்னா ஊரே என்னத்தான் சொல்லும், கரணம் தின்னுட்டாரு மழையன்னு.”

“எழுதி வாசிச்சுடுங்களேன்.”

“வாசிச்சா? சபையில மைத்துனன் ஒருத்திய மிதிச்சான்னு, அந்த மைத்துனன் மொகத்துக்கு நேரா? நான் கத சொல்றேன்னு நெனப்பானா? குத்திக் காட்டறேன்னு நெனப்பான். என் தோலு உரிஞ்சுடும்யா.” கொஞ்ச தூரம் நடந்தார். “அவன் மட்டும் இருந்தாக்கூட பரவால்ல,” என்றார்.

வீட்டில் குந்தம்மா கேழ்வரகுக் களி உருட்டிக்கொண்டிருந்தாள். புளிச்சக்கீரைத் துவையல் வாசம். அவர் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்குச் சாவடியில் எரகம்மாவிடம் தான் சொன்னதையும் சேர்த்து. அவள் அதை முதல்முறையாகக் கேட்கிறாள் என்று அவள் கை நின்றதிலிருந்து தெரிந்தது.

“நீங்களா சொன்னீங்க?”

“நான்தான்.”

“அதான் ஒண்ணர வருஷமா எண்ணெய வாசல்ல வெச்சுட்டு ஒரு கொரல்கூட குடுக்காமப் போறா. நான் என்ன குத்தம் பண்ணேன்னு தலைய பிச்சுக்கிட்டேன்.” களியை எடுத்துத் தட்டில் ஓசைப்பட வைத்தாள். “மாடு இல்லாம அவளும் நாத்தனாரும் தோள்ல நுகத்த வெச்சுக்கிட்டு சுத்தறாங்க. தெரியுமா உங்களுக்கு?”

அவர் தலையை ஆட்டினார். தெரியும் என்பதா, போதும் என்பதா, புரியவில்லை.

குந்தம்மா நடக்க வேண்டியதைப் பார்க்கிறவள். மறுநாளே ஒரு மூட்டை கட்டினாள். கேழ்வரகு மாவு, பொரி, ஒரு செம்பு, அவருடைய இரண்டு வேட்டி, சுவடியின் ஒரு பிரதி. என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, உங்க ஊருப் பக்கம் வந்தா இவருக்குப் பொழப்பு கெடைக்குமா?”

“அங்க தமிழ்ல எழுதணுமே அம்மா.”

“பயப்படறதுதான் இவரு வேலை. அதுக்கு எந்த பாஷையா இருந்தா என்ன?”

நல்ல நாள் பார்த்து வாசிப்பு தொடங்கியது. ஏரி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் பாய் விரித்தால் பாயும் மடிந்தது. மதகுக்கு எதிரே பந்தல். விஸ்ஸனா தாழ்ந்த பலகையில் உட்கார்ந்தார். எதிரே சோமயாஜி மடியில் சுவடி. நாயகரும் பீமராசுவும் கரையையொட்டி விரிப்பில். ஊர் முழுக்கத் தரையில். அன்றைய வாசிப்பு முடியும்வரை யாரும் உண்ணக் கூடாது என்பதால் குழந்தைகள் சிணுங்கின.

முதல் நாள் விஸ்ஸனாவின் குரல் ஏரியில் பாதிக்குக்கூடப் போகவில்லை. “சத்தமா, அய்யா! மேகம் மேல இருக்கு!” என்று கத்தினார்கள். பிறகு குரல் திறந்தது. ஐவரும் ஆயுதங்களை மரத்தில் கட்டி ஒளிக்கிற இடத்தில் ஊர் அப்படியே அடங்கிப்போனது. தங்கள் வீட்டில் பேசுகிற சொற்கள் அந்தக் கதைக்குள் நடமாடுவதை அவர்கள் அன்றுதான் கேட்டார்கள். சமையல்காரனாக வேடம் போட்ட இரண்டாமவன் ராஜாவிடம் தன் குழம்பைப் பற்றிப் பெருமையடிக்கிற இடத்தில் நாயகரே சிரித்துவிட்டார். சோமயாஜி விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே வந்தார், தூக்கவில்லை. மாலையில், “குறைவில்லை,” என்றார், பல் வலிக்கிறவர் மாதிரி.

மூன்றாம் நாள் அந்த இடம் வரும். இடையில் இருந்த இரவுகளில் விஸ்ஸனா எழுத்தாணியும் கையுமாக இருந்தார். உதையை எழுதிவிட்டார். அதற்கு எப்படியோ நாலு பாட்டு வந்துவிட்டது. ராஜா வாய் திறக்காமல் இருந்ததையும் எழுதினார். அதற்குமேல் நகரவில்லை. சூதாடிக்கொண்டிருந்தவன் அவளிடம் சொன்ன சொற்கள் வரவேயில்லை.

“வடமொழியில இருக்கறத அப்படியே மாத்த வேண்டியதுதானே?” என்றேன்.

“மாத்தறேன். மாத்தி முடிச்சுப் படிச்சுப் பாத்தா அது நான் சொன்னதா இருக்கு. கிழிச்சுப் போட்டுட்டு வேற மாதிரி எழுதறேன். அதுவும் அங்கதான் வந்து நிக்குது. என்கிட்ட இருக்கற தெலுங்கு அவ்ளோதான் போல இருக்கு.”

அவர் காலடியில் கிழிந்த ஓலை குவிந்திருந்தது. அந்த மூன்றாம் நாள் காலையில் கதவை எத்தனை தரம் இழுத்துப் பார்த்தார் என்று குந்தம்மா எண்ணினாளாம். ஏழு. மூட்டையை அவள் தன் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கு வந்தாள். என்ன மூட்டை என்று கேட்டவர்களிடம், “பூசைக்கு,” என்றாள். நான் அவளருகே உட்கார்ந்தேன். அவரைப் பிடித்தால் பிரதி எடுத்தவனையும் பிடிப்பார்களே என்ற எண்ணம் எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை.

எரகம்மா முன் வரிசையில் இருந்தாள். எண்ணெய்க் கறை படிந்த சேலை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நுகம் தேய்த்த தழும்பு கறுத்து வழவழப்பாக இருந்தது. பக்கத்தில் நாத்தனார்.

விஸ்ஸனா தொடங்கினார். மைத்துனன் வந்தான். வேலைக்காரியைப் பார்த்தான். வழி மறித்தான். ஊர் உச்சுக்கொட்டியது. அவள் ஓடினாள், சபைக்குள் வந்து விழுந்தாள். விஸ்ஸனா ஓர் ஓலையைத் தள்ளிப் புதிதாகச் செருகிய ஓலைக்கு வந்தார். அது மற்றவற்றைவிடப் பச்சையாக இருந்தது, தூரத்திலிருந்தே தெரிந்தது. சோமயாஜி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உதை விழுந்தது.

ஏரியில் யாரும் அசையவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அதே சாவடி, அதே தூண். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்த்துவிடாமல் இருக்கத் தரையைப் பார்த்தார்கள்.

“அடப்பாவி!” என்றது ஒரு பெரிய குரல். பீமராசு. கண்ணில் நீர். “பொம்பளைய! அதுவும் சபையில! அவன விடக்கூடாது கரணம், அந்த நாய சும்மா விடக்கூடாது!”

குயவர் தலைவன் தன் மேல்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். ஒரு பெண் இருமுவதுபோல் செய்தாள். குந்தம்மாவின் விரல்கள் என் முழங்கையில் பதிந்தன. பீமராசுவுக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. ஒன்றரை ஆண்டாக நாங்கள் பயந்த மனிதர், கதையில் தன்னை அடையாளம் காணாமல் அந்த அரசிக்காக அழுதுகொண்டிருந்தார்.

நாயகருக்குத் தெரிந்தது. அவர் கையில் பாதி மடித்த வெற்றிலை. விஸ்ஸனா வாசித்துக்கொண்டே போனார். ராஜா காய்களைப் பார்த்தான், ராஜா ஒன்றும் சொல்லவில்லை. நாயகர் அந்த வெற்றிலையை மடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் வைத்திருந்தார்.

பிறகு உரைநடை வந்தது. விஸ்ஸனாவின் குரல் இறங்கிவிட்டது. ஆனால் அவ்வளவு அமைதியில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சூதாடிக்கொண்டிருந்தவன் கையைப் பலகையிலிருந்து எடுக்காமலே அவளிடம் சொன்னான்: எழுந்து போம்மா. அழறதுக்கு வேற எடம் இல்லியா? ஆட்டம் நடக்குது, நடுவுல வந்து கெடுக்காத.

அன்று சாவடியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். இல்லாதவர்களும் அவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். சோமயாஜியின் விரல் வரிமேல் நின்றது. கை தூக்கவில்லை. அவரும் அன்று அங்கேதான் இருந்தார்.

எரகம்மா எழுந்தாள்.

“கரணம் அய்யா,” என்றாள். சத்தம் போடவில்லை. “அன்னிக்கி அத என் மொகத்துக்கு நேரா சொன்னீங்க. இன்னிக்கி ஓலைய பாத்துச் சொல்றீங்க.”

மழை வாசிப்பில் நடுவே யாரும் பேசக் கூடாது. யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. விஸ்ஸனா ஓலையை மடியில் வைத்தார். மெல்லத் தலையைத் தூக்கினார்.

“எரகம்மா,” என்றார். “அன்னிக்கி ஆட்டத்துல என் காய் எது எது எங்க நின்னுதுன்னு இப்பவும் சொல்லுவேன். உன் மொகம் மட்டும் நெனவில்ல. பாக்கவே இல்ல நான். தப்பு. பெரிய தப்பு, அம்மா.”

“என்ன?” என்றார் பீமராசு. “என்ன பேசறாங்க? இவ எதுக்கு நடுவுல…” பேச்சு பாதியில் நின்றது. அவர் எரகம்மாவைப் பார்த்தார், விஸ்ஸனாவைப் பார்த்தார், தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரைப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. இடுப்புக் கத்தியில் கை போக, எழுந்தார். குந்தம்மா மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஒக்காரு, மச்சான்,” என்றார் நாயகர்.

“பாவா, இவன் என்னை…”

“ஒக்காருன்னேன். கத இன்னும் முடியல.”

அந்தக் கதை எப்படி முடியும் என்று தெரியாதவர் அந்த ஏரியில் யாரும் இல்லை. மறுநாள் வாசிப்பில் சமையல்காரன் அந்த மைத்துனனைப் பிடித்து எலும்பு வேறு தசை வேறு தெரியாமல் உருட்டுவான். பீமராசு மெல்ல உட்கார்ந்தார்.

நாயகர் வெற்றிலையைத் தட்டில் வைத்தார். “மாட்டுக்கு அடையாளம் என்ன?”

எரகம்மா அவரையும் நேராகப் பார்த்தாள். “எடது கொம்பு நுனி முறிஞ்சது. தெனமும் உங்க சாவடி வாசல் வழியாத்தான் வண்டி இழுத்துக்கிட்டுப் போகுது தொரா. நீங்க பாத்ததே இல்லியா?”

நாயகர் திரும்பினார். பின்னால் நின்ற ஆளிடம், “போய் அவுத்துட்டு வா. இப்பவே,” என்றார். பிறகு, “வாசிங்க கரணம்.”

விஸ்ஸனா மடியிலிருந்த ஓலையை எடுத்தார். அப்போதுதான் சோமயாஜி, நாள் முடிவதற்கு முன்பே, யாரும் கேட்காமலே, தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்த எடத்துல குறைவில்லை,” என்றார். பிறகு அவருக்கே பொறுக்காமல், “நடை கொஞ்சம் கொச்சை,” என்று சேர்த்துக்கொண்டார்.

நாலாம் நாள் பீமராசு வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினார். மைத்துனனைக் கொல்லும் இடம் வாசிக்கும்போது ஊரே அந்தக் காலி விரிப்பைப் பார்த்தது. வாசிப்பு முடிந்ததும் ஒருவரையொருவர், “பாவம், வயித்துவலி எப்படி இருக்காம்?” என்று முகம் மாறாமல் விசாரித்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் முடிவதற்குள் அவர் தன் ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பிடித்த மாட்டுச் சண்டையைக் கேட்கவேயில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். ஐந்தாம் நாள் மழை வரவில்லை. ஆறாம் நாளும் இல்லை. விஸ்ஸனாவுக்கு இப்போது புதுப் பயம். பீமராசு ஆளனுப்புவார் என்று ஒரு பயம், நாயகர் மனம் மாறுவார் என்று ஒரு பயம், எல்லாவற்றுக்கும் மேலாக வானம். காலையில் என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, “வேற எங்கயாவது விட்டிருப்பேனா?” என்பதுதான். நானும் அவரும் மறுபடி முழுச் சுவடியையும் ஒப்புப் பார்த்தோம். ஒன்றும் விடவில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. விட்டிருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும். சாவடியில் நாயகர் ஆடுபுலிப் பலகையை எடுக்கச் சொல்லவில்லை, ஓலை வேலை தவிர வேறு எதுவும் பேசவும் இல்லை. குந்தம்மா மூட்டையை அவிழ்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பிற்பகலில் மழை வந்தது. முதலில் புழுதி வாசம், பிறகு ஏரி வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும் ஓசை. சோமயாஜி, “பருவம் வந்தா பெய்யத்தான் பெய்யும், இதுல தெலுங்கு எங்க வந்துது?” என்றார். குயவர் தலைவன், “பன்னெண்டு நாள் எதுக்குன்னா, மேகம் முழுசா புரிஞ்சுக்கிட்டு வந்திருக்கு,” என்றான். இரண்டு கட்சிக்கும் ஆள் இருந்தார்கள். விஸ்ஸனா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மழையில் மதகு தாங்குமா என்று பார்க்க ஓடினார்.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது நனைந்த வேட்டியோடு அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. “எண்ணெய்!”

குந்தம்மா எழப்போனாள். அவர் அவளைக் கையமர்த்திவிட்டுத் தானே எண்ணெய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். தாழை இழுத்துத் திறந்தார். எரகம்மா தலையில் கோணி போட்டுக்கொண்டு நின்றாள். பின்னால் அந்த மாடு, முறிந்த கொம்பிலிருந்து நீர் சொட்ட. அவள் அளந்து ஊற்றினாள். சிரிக்கவில்லை. ஊற்றி முடித்ததும், “அளவு சரியான்னு பாத்துக்கங்க,” என்றாள். அவ்வளவுதான். மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

அவர் சட்டியோடு அங்கேயே நின்றார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“எடது கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்குய்யா அவளுக்கு. பதினஞ்சு வருஷமா எண்ணெய் வாங்கறோம்.”

“ம்.”

“இத எங்கயாவது எழுதணுமா?”

“வேண்டாம்,” என்றேன். “தெரிஞ்சு வெச்சுக்கங்க, போதும்.”

மூட்டையை ஒரு மாதம் கழித்துத்தான் குந்தம்மா அவிழ்த்தாள், அதுவும் மாவில் வண்டு விழுந்துவிட்டது என்பதற்காக.